தீர்த்தம் ஊற்றிய தடிகள்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் கத்துகிற இடங்கள் நிறைய வரும். அங்கெல்லாம் திடுக்கிட வேண்டாம். மூக்கு நுனியில் கோபம் என்பார்களே, எனக்கு அந்த நுனி கொஞ்சம் நீளம். கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரும் அதை முதல் கிழமையிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் படியேறும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு வீட்டுக்கணக்கைக் காட்டலாமா, ஒளிக்கலாமா என்று முடிவு செய்வார்களாம். இதைப் பல வருடங்களுக்குப் பிறகு, கலியாணமாகிப் பிள்ளைகளோடு என்னைப் பார்க்க வந்த ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அது இரண்டாவது உலக யுத்த காலம். கொழும்பில் குண்டு விழுந்ததும் ஊரைக் காலி செய்து ஓடியவர்கள் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட யன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாகக் கடதாசி ஒட்டியிருந்தது. முற்றம் முழுவதும் பதுங்குகுழி. எங்கள் வகுப்பு மேல் மாடியில், மேற்குப் பக்கத்து அறை. யன்னலில் எட்டிப் பார்த்தால் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கிக் கூரைகளும், அவற்றுக்குப் பின்னால் கப்பல்களின் புகைபோக்கிகளும் தெரியும். கடற்காற்று மத்தியானத்துக்குப் பிறகு புழுதியையும் நிலக்கரித் தூளையும் அள்ளிக்கொண்டு வந்து என் வெள்ளைச் சேலையில் கொட்டும். அதற்கும் எனக்குக் கோபம் வரும்.

நான் வெள்ளவத்தையிலிருந்து கடலோர ரயிலில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து டிராம் பிடித்து, மீதித் தூரத்தை நடந்து வருவேன். கந்தோரில் எழுதுவினைஞராக இருந்த அப்பா, பெண் வேலைக்குப் போவதில் பாதிச் சம்மதம், பாதிச் சம்மதமில்லை என்கிற நிலையில் இருந்தார். அம்மாவுக்கு முழுச் சம்மதமின்மை. ஒரு மாப்பிள்ளையின் சாதகத்தை வைத்துக்கொண்டு, "வேலை நிரந்தரமானால் உன் இஷ்டம், ஆகாவிட்டால் என் இஷ்டம்" என்று ஏற்கெனவே என்னிடம் ஒப்பந்தம் பேசிவிட்டாள். எனக்கு அந்த மாப்பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் ரயிலில் யன்னலோரம் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டு, மடியில் சொந்தப் பையோடு, எனக்காகக் காத்திருக்கும் ஒரு வகுப்புக்குப் போவது இருக்கிறதே, அதைக் கைவிட என்னால் முடியவில்லை. வாழ்க்கையில் வேறெதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

வேலையோ ஊசலாடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடங்களைப் பரிசோதிக்க வரும் வித்தியாதரிசி முதல் தடவை வந்தபோது, நான் செடிகளை இனம்பெருக்குவது பற்றிப் பாடம் நடத்தினேன். பயிற்சிக் கலாசாலையில் கற்றது அத்தனையையும் கரும்பலகையில் நாலு நிறத்துச் சுண்ணக்கட்டியால் வரைந்து தள்ளினேன். அவர் கடைசி வாங்குப் பலகையில் இருந்து பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் குறிப்பேட்டில், பிள்ளைகள் ஒரு இலையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை, இது செடிப் பாடமல்ல, சித்திரப் பாடம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அடுத்த தவணை முடிவில் மறுபடி வருவார். இதே பாடத்தைச் செய்கைமுறையில் காட்ட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு கிளைத் தடி நட்டு, வேர் விடவைத்து, அதைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் தவறினால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரி. எல்லோரும் மதர் என்போம். அவர் முற்றத்தைக் காட்டி, "தோட்டம் போட இடமெங்கே பிள்ளை? எல்லாம் குழி. வகுப்புக்குள்ளேயே வளர்த்துக்கொள்" என்றார்.

வகுப்புக்குள்ளேயே வளர்ப்பது என்று தீர்மானமாயிற்று. வீட்டில் காலியான ரின்பால் தகரப் பேணிகளைக் கொண்டுவரச் சொன்னேன். அடியில் ஆணியால் துளை போட்டோம். மண்ணுக்குக் குறைவில்லை, பதுங்குகுழி தோண்டிய மண் முற்றத்தில் குவிந்து கிடந்தது. அதனோடு பாதிக்குப் பாதி மணல் கலக்க வேண்டும் என்று என் பயிற்சிக் குறிப்பில் இருந்தது. முகத்துவாரக் கடற்கரை பக்கத்தில்தானே என்று, ஆளுக்கொரு சிரட்டை கடல் மணல் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் மணல் வந்தது. கடைசி வாங்கில் ஒருத்தி இருந்தாள். கணக்கில் முட்டை, எழுத்திலும் அப்படித்தான். அப்பா துறைமுகத்தில் சாமான் இறக்கும் தொழிலாளி. நான் அவளை மக்கு என்று மனதுக்குள் முத்திரை குத்தி வைத்திருந்தேன். அவள் கொண்டுவந்த மணல் ஈரமாக இருந்தது.

"ஏன் நனைச்சுக் கொண்டு வந்தனீ?" என்று அதட்டினேன்.

"கடல் மணலில உப்பு இருக்குத்தானே ரீச்சர். அம்மா அரிசி கழுவிற மாதிரிக் கழுவித் தந்தவ. ஏழு தண்ணி."

வகுப்பைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாச் சிரட்டையிலும் மணல் ஈரம். முதல் நாளே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு வீடுகளில் முப்பத்திரண்டு அம்மாமார் மணல் கழுவியிருக்கிறார்கள். ரீச்சர் சொன்னது பிழை என்று ஒருத்தியும் வாய் திறந்து சொல்லவில்லை. பிழையைத் திருத்தி, என் கையில் தந்துவிட்டார்கள். இன்று நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "சரி சரி, பேணியில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தடிகள் பல இடத்திலிருந்து வந்தன. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வேலிக்கு நின்ற செவ்வரத்தையில் நான் ஒரு கட்டு வெட்டிக்கொண்டு ரயிலில் வந்தேன். பக்கத்தில் இருந்த பறங்கிக் கிழவர் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். மாளிகாவத்தையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளை ஒருத்தி மல்லிகைக் கொடி கொண்டுவந்தாள். கோவில் சுற்றுமதிலோரம் நின்ற குரோட்டனில் சிலர் ஒடித்து வந்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மாதா கோவிலும் கோவில்தான். ஒரு சாண் நீளம், மூன்று கணு மண்ணுக்குள், அடி வெட்டு சரிவாக என்று நான் நட்டுக் காட்டினேன். பிள்ளைகள் நட்டார்கள். பேணிகளை யன்னல் ஓரம் மூன்று வரிசையாக அடுக்கினோம். இலையும் மொட்டுமாகப் பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இலைகளைக் கிள்ளிவிட வேண்டும் என்பது என் குறிப்பில் இருந்தது. அழகு போய்விடுமே என்று நான் அதைச் சொல்லவில்லை.

இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். வேர் விடுவதைப் பிள்ளைகள் அவதானிக்க வேண்டும் என்று கலாசாலையில் சொல்லித் தந்திருந்தார்கள். எப்படி அவதானிப்பது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. எனவே ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில், "எல்லோரும் பிடுங்கிப் பாருங்கள்" என்று உத்தரவு போட்டேன். முப்பத்திரண்டு தடிகள் வெளியே வரும். முப்பத்திரண்டு முகங்கள் அடிப்பக்கத்தை உற்றுப் பார்க்கும். ஒன்றுமில்லை என்றதும் மறுபடியும் குத்திவைப்போம்.

முதல் கிழமை இலை வாடியது. இரண்டாம் கிழமை இலை கொட்டியது. மேற்கு வெயில் யன்னல் வழியாக நேரே பேணிகளில் அடித்தது. தகரம் தொட்டால் சுட்டது. மூன்றாம் கிழமை யன்னலோரம் மொட்டைத் தடிகள்தான் நின்றன.

பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். அந்தத் திங்கட்கிழமை வெளுத்து வாங்கினேன். கண்டபடி தண்ணீர் ஊற்றினீர்கள் என்றேன், கை வைத்துக் கெடுத்தீர்கள் என்றேன், பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும் என்றேன். நான் மட்டும் ஏதோ ஏர் பிடித்து உழுதவள் மாதிரி! கடைசியில் சொல்லக் கூடாததையும் சொன்னேன்.

"இதுகள் வேர் விடாட்டி நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கமாட்டன். வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம். உங்களுக்கும் நிம்மதி."

அன்றைக்கு மணி அடித்ததும் அவர்கள் சத்தமில்லாமல்தான் இறங்கிப் போனார்கள். அதை நான் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் நான் வேறொரு வழி பிடித்துவிட்டேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு பெரிய பங்களாவின் தோட்டக்காரர் வேர் பிடித்த பூக்கன்றுகளைச் சின்னச் சட்டிகளில் வைத்து விற்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவற்றை வாங்கிவந்து பேணிகளில் மாற்றி வைத்தால் வித்தியாதரிசிக்கு எப்படித் தெரியும்? பாடம் பாடம்தான், செடி செடிதான். இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வாங்கிய கன்று வாடாமல் இருக்க, அவர் வருவதற்கு நாலு நாளைக்கு முன்னால் வைத்தால் போதும். அதற்குள் பேணிகளைக் காலி செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, "செத்த தடிகளை எல்லாம் குப்பைத்தொட்டியில் கொட்டிப்போட்டுப் பேணியைக் கழுவி வையுங்கோ. வேற பூக்கண்டு வரும்" என்றேன்.

யாரும் எழும்பவில்லை. இரண்டாம் தடவை சொன்னேன். மூன்றாம் தடவை மேசையில் தட்டினேன். முன் வாங்குக்காரிகள் கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மக்குப் பிள்ளை எழுந்து நின்றாள்.

"ஏலாது ரீச்சர்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "என்ன?"

"தீர்த்தம் ஊத்தினது ரீச்சர். குப்பையில போடக் கூடாது."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போன கத்தோலிக்கப் பிள்ளைகள் சின்னப் போத்தல்களில் தீர்த்தம் கொண்டுவந்து, நான் வருவதற்கு முன்னால் பேணிகளில் ஊற்றியிருக்கிறார்கள். மந்திரித்த பொருளைக் குப்பையோடு போடுவது பெரிய குற்றம். எரிக்கலாம், கால் படாத இடத்தில் புதைக்கலாம், கடலில் விடலாம். தொட்டியில் மட்டும் கொட்ட முடியாது.

"அப்ப கோவிலுக்குப் போகாத பிள்ளையளின்ட பேணியை முதலில் கொட்டுங்கோ" என்றேன் நான், விடாமல்.

மாளிகாவத்தைப் பிள்ளை எழுந்தாள். "என்டதும் ஏலா ரீச்சர். உம்மா பள்ளிவாசல் லெப்பைக்கிட்டச் சொல்லி ஓதின தண்ணி வாங்கித் தந்த. நான் இவளுகள்ட தடிக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தின."

வகுப்பில் சைவப் பிள்ளைகள் மூன்று பேர்தான். அவர்கள் ஆளுக்கொரு சிட்டிகை திருநீறு போட்டிருந்தார்கள். தங்கள் பேணியில் மட்டுமல்ல, வஞ்சகமில்லாமல் எல்லாப் பேணிகளிலும். ஆக அந்த முப்பத்திரண்டு ரின்பால் பேணிகளில் ஒன்றையாவது தொட்டுக் கொட்ட உலகத்தில் எவராலும் முடியாது.

"செத்த தடிக்குத் தீர்த்தம் ஏன்?" என்று கத்தினேன்.

"நீங்க போகக் கூடாது எண்டுதான்" என்றாள் கடைசி வாங்குக்காரி.

கேட்டதும் என் மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இளகியதை அவர்கள் பார்த்துவிடுவார்களே என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது. "என் கண்ணில் படாமல் எங்கேயாவது வைச்சுத் துலையுங்கோ" என்று சொல்லிவிட்டு, மதரிடம் ஏதோ கேட்கப் போவதாகச் சாக்குச் சொல்லிக் கீழே இறங்கிப் போய், கிணற்றடியில் முகம் கழுவினேன்.

திரும்பி வந்தபோது யன்னலோரம் காலியாக இருந்தது. வகுப்பின் பின்புறம், வடக்குச் சுவரோரம் ஒரு பழைய அலுமாரி நிற்கும். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கலாம். பேணிகளை அங்கே தரையில் அடுக்கியிருந்தார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. அதன் பிறகு மூன்று கிழமை நான் அந்தப் பக்கமே போகவில்லை. திங்கட்கிழமைப் பிடுங்கலும் நின்றுவிட்டது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு இரண்டு பிள்ளைகள் முறைவைத்து அலுமாரிக்குப் பின்னால் போய் வருவார்கள். விரலை நனைத்துத் தெளிப்பதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை என்று பிறகு தெரிந்தது. தீர்த்தத்தைத் தெளிப்பதுதானே வழக்கம், பச்சைத் தண்ணீரையும் அப்படியே தெளித்திருக்கிறார்கள்.

வித்தியாதரிசி செவ்வாய்க்கிழமை வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் கொள்ளுப்பிட்டிக்குப் போனேன். தோட்டக்காரர் என் அரைகுறைச் சிங்களத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, "நோனாவுக்குப் பூப் பார்க்கவா, பாடம் நடத்தவா?" என்று கேட்டார். என் முகத்தில் சுண்ணக்கட்டித் தூள் ஒட்டியிருந்ததோ என்னவோ. முப்பத்திரண்டு கன்றுகளையும் றிக்ஷோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே திரும்பி வந்து, வெள்ளவத்தையில் அக்கம்பக்கத்தில் சேர்த்துக் கொண்டுவந்திருந்த வேறு பேணிகளில் தனியாக இருந்து நட்டேன். ஒவ்வொரு பேணியிலும் ஒரு பிள்ளையின் வரிசை இலக்கத்தை எழுதிய கடதாசியை ஒட்டினேன்.

திங்கட்கிழமை காலையில் வந்தபோது, மறுநாள் வித்தியாதரிசி கேட்கும்போது பிள்ளைகள் தடுமாறக் கூடாதே என்ற கவலைதான் எனக்கு இருந்தது. ஆனால் அவர்கள் அதற்கு முன்பே கன்றுகளைப் பார்த்துவிட்டார்கள். கோவில் பாட்டுப் பழக்கத்துக்கு மேல் மாடி வாங்குகளைத் தூக்கிப் போகச் சனிக்கிழமை காலை கத்தோலிக்கப் பிள்ளைகள் வந்தார்களாம், மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டார்களாம். எனவே ஒருத்தியும் ஆச்சரியப்படவில்லை.

"இது ஆற்ற கண்டு ரீச்சர்?" என்று மட்டும் முன் வாங்குக்காரி கேட்டாள்.

"இலக்கம் போட்டிருக்குத்தானே. இனி உங்கட."

"ஓம் ரீச்சர்" என்றாள் அவள். எனக்கு அது போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வித்தியாதரிசி வந்தார். வெள்ளைக் காற்சட்டை, மேற்சட்டை, கையில் அதே குறிப்பேடு. மதரும் கூடவே வந்து கதவடியில் நின்றார். பாடம் பிரமாதமாகப் போயிற்று, என்னைக் கேட்டால். தடியை எப்படி வெட்டுவது, எங்கே கணு, வேர் எங்கிருந்து வரும் என்று பிள்ளைகள் கையில் புதிதாக வெட்டிய தடியைப் பிடித்துக்கொண்டே சொன்னார்கள். அவர் தலையை ஆட்டினார். பிறகு யன்னலடிக்குப் போய் ஒரு பேணியைக் கையில் எடுத்தார்.

"ஏழாம் இலக்கம் யார்?"

முன் வாங்கில் ஒருத்தி எழுந்தாள்.

"இதை நட்டு எத்தனை நாளாயிற்று?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள். அவர் இன்னொரு பேணியை எடுத்தார். அந்தப் பிள்ளையும் எழுந்து நின்று வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவதும் அப்படியே.

"பயப்படுகிறார்கள் ஐயா" என்றேன்.

"இவ்வளவு நேரமும் பயப்படவில்லையே" என்றார் அவர்.

அப்போது கடைசி வாங்கிலிருந்து குரல் வந்தது. "அது நாங்க நட்டதில்லை ஐயா."

வித்தியாதரிசி திரும்பினார். என் முகத்தில் ஈயாடவில்லை.

"பிறகு யார் நட்டது?"

"ரீச்சர் வாங்கி வச்சது. நாங்க நட்டது அலுமாரிக்குப் பின்னால இருக்கு."

அவர் என்னைப் பார்க்காமலே, "கொண்டு வா பார்க்கலாம்" என்றார்.

அவள் இரண்டு கையிலும் ஒரு பேணியை ஏந்திக்கொண்டு வந்தாள். ஒரு சாண் மொட்டைத் தடி. நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, மேல் கணுவில் அரிசி மணி அளவில் பச்சையாக ஏதோ முளைத்திருந்தது.

"பிடுங்கிக் காட்டு" என்றார் வித்தியாதரிசி.

அவள் பேணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "ஏலாது ஐயா. பிடுங்கிப் பிடுங்கித்தான் முன்னம் வேர் வரேல்லை."

ஏலாது! எனக்குச் சொன்ன அதே குரலில், அதே நேரான பார்வையோடு, அரசாங்கத்து வித்தியாதரிசிக்கும் அதே பதில்தான். மதர் கதவடியில் சிலுவை போட்டுக்கொண்டார். நானோ, நம்பினால் நம்புங்கள், அந்த நிமிடம் என் வேலையை மறந்துவிட்டேன். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு பெருமை வந்தது.

வித்தியாதரிசி குரலைத் தாழ்த்தி, "தடிக்கு நோகாமல் வேரைப் பார்க்க வழி இருக்கிறதா?" என்று கேட்டார். அவள் யோசித்தாள். மண்ணில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். தடியை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு உள்ளங்கையால் பேணி வாயை மூடி, மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். மண் முழுதாக அவள் கையில் இறங்கியது. அதைச் சுற்றி வெள்ளை நூலாக வேர்.

முப்பத்தொரு பிள்ளைகளும் வாங்கை விட்டு எழுந்து ஓடிவந்துவிட்டார்கள். நானும்தான்.

"எப்படி வந்தது?" என்று அவர் கேட்டார்.

"யன்னலில மத்தியான வெயில் ஐயா, பேணி சுடும். இலை எல்லாம் தண்ணியைக் குடிச்சுப்போட்டு வாடிச்சுது. பின்னால நிழல். இலையும் கொட்டிட்டுது, குடிக்க ஆளில்லை. ஒருத்தரும் தொடவும் இல்லை. தொடப் பயம்."

"ஏன் பயம்?"

"தீர்த்தம் ஊத்தினது ஐயா."

"இதையெல்லாம் யார் சொல்லித் தந்தது?"

அவள் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "நட்டுக் காட்டினது ரீச்சர். எறியச் சொன்னதும் ரீச்சர்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றது. பிள்ளை தெரியாமல் சொல்லுகிறாள் என்று ஒரு வசனம் போதும். யன்னலோரம் முப்பத்திரண்டு கன்றுகள் பூத்துக்கொண்டு நின்றன. அந்தப் பிள்ளை மண்ணுருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நின்றாள், காட்டிக்கொடுத்தவள் மாதிரியும் இல்லை, பயந்தவள் மாதிரியும் இல்லை.

"ஓம் ஐயா" என்றேன். "இவள் சொன்னது எல்லாம் சரி."

மற்றப் பேணிகளையும் கொண்டுவந்து பார்த்தோம். பத்தொன்பது வேர் பிடித்திருந்தன. செவ்வரத்தையும் குரோட்டனும்தான் அதிகம், மல்லிகை ஒன்றே ஒன்று. அவர் குறிப்பேட்டில் நீளமாக எழுதிவிட்டு இறங்கிப் போனார். மதர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அன்று மாலை ரயிலில் வெள்ளவத்தைக்குப் போகும்போது, இந்தக் கடலை இந்த யன்னலால் இனி எத்தனை நாள் பார்ப்பேன் என்று எண்ணிக்கொண்டே போனேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கடிதம் வர ஒன்பது நாள் ஆயிற்று. மதர் தன் அறைக்குக் கூப்பிட்டு என் கையிலேயே தந்து வாசிக்கச் சொன்னார். என் நியமனம் உறுதிப்படுத்தப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, விலைக்கு வாங்கிய செடிகளை மாணவிகளின் செய்கையாகக் காட்ட முயன்றது கண்டிக்கத்தக்கது என்று ஒரு வரி. அதற்கும் கீழே, இவ்வளவு கவனமாகப் பார்த்து, பார்த்ததைப் பார்த்தபடியே சொல்லும் வகுப்பைத் தான் அண்மையில் கண்டதில்லை என்று இன்னொரு வரி. மூன்றாவது வரிக்காகத்தான் முதலாவது வரி எழுதப்பட்டது என்று எனக்கு விளங்கியது. வேலையைக் காப்பாற்றித் தந்தது நானல்ல.

கடிதத்தோடு மாடிப்படி ஏறினேன். அந்தக் காலத்தில் ரீச்சர்மார் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. எப்படிக் கேட்பது என்றும் எனக்குத் தெரியாது. மேசைக்கு முன்னால் நின்று, வழக்கமாகக் கத்துகிற குரலிலேயே சொல்லி முடித்தேன்.

"எனக்கு வேலை நிரந்தரமாயிட்டுது. உங்களாலதான். அண்டைக்கு உங்களைப் பொய்யுக்கு உடந்தையாக்கப் பார்த்தனான். அது பெரிய பிழை. இனி அப்படிச் செய்யமாட்டன்."

கடைசி வாங்குக்காரி எழுந்தாள். எனக்கு ஆறுதல் சொல்லுகிற தொனியில் பேசினாள்.

"பரவாயில்லை ரீச்சர். அது அண்டைக்குச் சனிக்கிழமையே முடிஞ்சுது. வாங்கின கண்டுகளைப் பாத்திட்டு நாங்க கத்தோலிக்கப் பிள்ளையள் எல்லாரும் நேர பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியாரிட்டச் சொன்னனாங்கள்."

"நீங்கள் என்ன பாவம் செய்தனீங்கள்?"

"எங்கட எண்டு சொல்லுவம் எண்டு நினைச்சம்தானே. சாமியார் சொன்னவர், கேக்காட்டிச் சும்மா இருங்கோ, கேட்டா உண்மையைச் சொல்லுங்கோ எண்டு. ஆளுக்குப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னவர்." அவள் முன் வாங்குக்காரிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நீங்க சைவம்தானே ரீச்சர். உங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேக்க ஆளில்லை. அதால உங்களுக்கும் சேத்து நாங்க ஆளுக்கு இருவது சொல்லிப்போட்டம்."

அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு ரீச்சர் அழக் கூடாது. நான் அழுதேன்.